விநோத உடையில் ஒரு விசர் விஞ்ஞானி

எமது இல்லத்தில் பெரிய விவகாரங்கள் யாவும் இராப்போசன வேளையிலேதான் முளைப்பது வழக்கம். கடந்த மாசி மாதத்தில் ஒருநாள், புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் பரிமாறப்பட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து, ஆறாந் தரத்திற் கற்கும் எம் இளைய மைந்தன் தன் தீர்மானத்தை வெளியிட்டான்.

"அப்பா, விநோத உடைக்கு நான் பாரதியாரா வரமாட்டன். விசர் விஞ்ஞானியாத்தான் வருவன்."

எம் இல்லாள் அகப்பையுங் கையுமாக அப்படியே நின்றுவிட்டார். அதற்குக் காரணம் உண்டு. பாரதியாருக்கு வேண்டிய கறுப்புக் கோட்டும் வெள்ளைத் தலைப்பாகையும் மூத்தவன் காலந்தொட்டுப் பெட்டியில் மடித்து வைக்கப்பட்டுள்ளன. மீசைக்கு மாத்திரமே ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கரி வேண்டும். ஒரு பாரதியாரைத் தயாரித்து வைத்துக்கொண்டால் ஒரு குடும்பத்துக்குப் பத்து ஆண்டுகள் போதும் என்பது அவரது பொருளாதாரக் கொள்கை.

இல்ல மெய்வல்லுநர் போட்டியைப் பற்றி எம் வாசகர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. ஓலையாலும் வாழைக்குலையாலும் இல்லங்கள் அலங்கரிக்கப்படுவதும், அணிநடையில் ஒரு சிறுவனின் சப்பாத்துக் கழன்று நடுமைதானத்திற் கிடப்பதும், பிரதம விருந்தினர் வெயிலிற் கண்ணயர்வதும் ஆண்டுதோறும் நிகழ்வன. அந்த விருந்தினரையும் விழிப்படையச் செய்யும் நிகழ்ச்சி ஒன்று உண்டென்றால் அது விநோத உடைப் போட்டிதான். மீன்கூடை தூக்கிய ஆச்சிமாரும், குறவன் குறத்தியரும், விவேகானந்தரும், ஔவையாரும் வரிசையாக வருவார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஒரு விசரனும் வருவான். கிழிந்த சட்டையும் தகரப் பேணியும் இருந்தாற் போதும், செலவில்லாத வேடம், சபை சிரித்தே தீரும். ஆனால் விசர் விஞ்ஞானி என்பது எம் வன்னி மண்ணுக்குப் புதிது.

இந்த யோசனை வந்த வழியைத் துருவினோம். அது ரொறன்ரோவிலிருந்து வந்திருந்தது. ஒக்ரோபர் மாதம் 31ஆம் நாள் இரவு, மேலைநாட்டுச் சிறுவர்கள் பேயாகவும் பூதமாகவும் வேடந் தரித்து, வீடு வீடாகச் சென்று இனிப்பு வாங்கும் ஹலோவீன் என்னும் வழக்கம் உண்டல்லவா? பேய் வராதிருக்க வேப்பிலை செருகும் ஊரிற் பிறந்த எமக்கு, பேயே படலையைத் தட்டி மிட்டாய் கேட்பது சற்றே விளங்காத சங்கதி. அது நிற்க. அங்கு வாழும் எம் தங்கையின் மகன் சென்ற ஒக்ரோபரில் விசர் விஞ்ஞானியாகி நின்ற படத்தை அவள் கைத்தொலைபேசியில் அனுப்பியிருந்தாள். வெள்ளை மேலங்கி, மின்னல் தாக்கியது போன்ற நரைத்தலை, பெரிய மூக்குக்கண்ணாடி, புகை கக்கும் குடுவை, கரி பூசிய முகம். இடக்கையில் ஒரு பெரிய கட்டு. கட்டில் சிவப்புக் கறை. பரிசோதனை வெடித்துவிட்டதாம். அதுதான் சிரிப்பு.

யாமோ கல்லூரியில் இரசாயனவியல் கற்பிப்பவர். "உங்களைப் போலத்தானே அப்பா" என்று பையன் சொன்னபோது அதைப் புகழ்ச்சியென்று கொள்வதா, வேறெதுவும் என்று கொள்வதா என விளங்கவில்லை. ஆயினும் மறுநாளே வேலையில் இறங்கிவிட்டோம்.

வேடம் கட்டுமுன் வேடத்தின் வரலாற்றை அறிதல் நலம் என்பது ஆசிரியர் தொழிலின் பீடை. மேரி ஷெல்லி என்னும் ஆங்கிலப் பெண் தம் இருபதாவது வயதில், 1818இல், 'பிராங்கன்ஸ்டைன்' என்ற நாவலை வெளியிட்டார். பிணங்களின் உறுப்புகளைக் கொண்டு ஓர் உருவைச் செய்து அதற்கு உயிரூட்டிய மாணவனின் கதை அது. ஆனால் அந்தக் கதையின் நாயகன் இளைஞன். அவனுக்கு நரைத்தலையும் இல்லை, வெள்ளை அங்கியும் இல்லை. இடிமின்னலும் பொறிபறக்கும் இயந்திரங்களும் 1931இல் வந்த திரைப்படத்தின் உபயம். பறக்கும் தலைமயிருக்கோ ஐன்ஸ்டைன்மீது பழி விழுந்தது. 1951ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள், தம் எழுபத்திரண்டாவது பிறந்தநாளன்று, படம் எடுத்தவரைப் பார்த்து அவர் நாக்கை நீட்டினார். அந்த ஒரு படத்தோடு உலகிலுள்ள விஞ்ஞானிகள் அனைவரும் சீப்புக்குப் பகையாளிகள் ஆகிவிட்டார்கள். இவற்றையெல்லாம் பையனுக்கு எடுத்துரைத்தோம். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தலைமயிருக்கு என்ன செய்வம்?" என்றான்.

அது நியாயமான வினா. ரொறன்ரோவிற் கடையில் விற்கும் பொய்முடி கிளிநொச்சிக் கடைத்தெருவில் இல்லை. இலவம் பஞ்சை ஒட்டிப் பார்த்தோம். அது விஞ்ஞானியைக் காட்டவில்லை, நத்தார்ப் பாப்பாவையே காட்டிற்று. முடிவிற் பழைய தும்புக்கட்டை ஒன்றைப் பிரித்து, அதன் தும்பை ஒரு பழைய துணித்தொப்பியில் நூலாற் கோத்துத் தைத்தார் எம் இல்லாள். அணிந்தவுடன் பையன் தலையைச் சொறியத் தொடங்கினான். சொறிவதும் வேடத்திற் சேர்த்திதான் என்று ஆறுதல் கூறினோம். துவிச்சக்கரவண்டியின் பழைய ரியூப்பை வெட்டிப் பட்டியாக்கி, இரண்டு ஜாம் போத்தல் மூடிகளின் நடுவைத் துளைத்துக் கண்ணாடி செய்தோம். மேலங்கி எம்முடையதே. அதன் மார்பில் வெள்ளி நைத்திரேற்று பட்டுக் கறுத்த புள்ளிகளும், கைநுனியில் கொண்டீஸ் கறையும் உண்டு. வெள்ளி நைத்திரேற்றுத் தெறித்த இடம் முதலில் ஒன்றும் தெரியாது. வெளிச்சம் பட்டபின்பே மெல்லக் கறுக்கும். பின்னர் எந்தச் சவர்க்காரத்துக்கும் அசையாது. இதற்காக எம் இல்லாளிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட ஏச்செல்லாம் இப்போது பயனுடையதாயிற்று.

குடுவைதான் எம்மை மூன்று நாட்கள் ஆட்டி வைத்தது. தங்கை மகனின் குடுவையிலிருந்து வெண்புகை வழிந்தோடியது. உலர்பனி என்பது உறைந்த காபனீரொட்சைட்டு. பூச்சியத்துக்குக் கீழே எழுபத்தெட்டரைப் பாகை குளிர். கையாற் தொட்டால் தோலைச் சுட்டுவிடும். அது எமக்குக் கிட்டாததும் நல்லதே. அந்த வாயுவையே அடுப்படியில் உண்டாக்கலாம் என்று அப்பச்சோடாவைப் போத்தலில் இட்டுத் தேசிக்காய்ப் புளியை ஊற்றினோம். புசுபுசுவென நுரைத்தது, பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு துளி சேர்த்தபின் நுரை போத்தலின் கழுத்தைத் தாண்டி மேசைமேல் ஊர்ந்தது. நிறத்துக்குச் செவ்வரத்தம்பூவை அவித்த சாறு. புளிபட்டால் அது இரத்தச் சிவப்பாகும். சோடா மிகுந்தால் பச்சையை நாடும். பல்கலைக்கழகம் சென்று கற்றதை எம் தாயார் வெற்றிலைத் தட்டத்திலேயே காட்டிவிடுவார்: மஞ்சளிற் சுண்ணாம்பு பட்டாற் சிவக்கும், ஆலாத்தித் தட்டம் நிறையும். அதைக் காட்டிப் பையனுக்கு விளக்கியபோது அவன் கண்கள் விரிந்தன. பத்து ஆண்டுகளாக உயர்தர வகுப்பில் யாம் காணாத விரிவு அது.

ஒத்திகை ஒரு சனிக்கிழமை மாலை நடந்தது.

எம் தாயார் விறாந்தையில் இருந்து சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அடுப்படிப் பக்கமிருந்து "டமார்!" என்று ஒரு கூச்சல் எழுந்தது. தகரம் ஒன்று விழுந்து உருண்டது. கரி பூசிய முகமும் குலைந்த தும்புத் தலையுமாகப் பையன் வெளியே ஓடிவந்து, படத்திற் கண்டபடியே தடுமாறி, விறாந்தையில் விழுந்து எழுந்தான். இடக்கையில் ஒரு பெரிய கட்டு. தன் அப்பம்மாவின் பழைய வெள்ளைச் சேலைத் துண்டையே எடுத்துச் சுற்றியிருந்தான். செவ்வரத்தம்பூச் சாறு அதில் ஊறிப் படர்ந்திருந்தது.

நாம் சிரிக்கத் தொடங்கினோம். தாயார் சிரிக்கவில்லை, கத்தவுமில்லை. சுளகை மெதுவாகக் கீழே வைத்தார். எழுந்து வந்து பையனின் கையைப் பிடித்து, கட்டை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தார். கடைசிச் சுற்றும் கழன்றபின் தோலை விரலாற் தடவிப் பார்த்தார். காயம் இல்லை என்று அவருக்கு முன்னரே தெரியும். தெரிந்தும் பார்த்தார். பின்னர் அந்தத் துண்டை நான்காக மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். புடைத்த அரிசி அப்படியே கிடந்தது.

2009ஆம் ஆண்டு தை மாதக் கடைசியில், உடையார்கட்டில், எறிகணைத் துண்டு ஒன்று எம் தங்கையின் இடக்கையைக் கிழித்துச் சென்றது. அன்று மருந்துக்கட்டு இல்லை. தாயார் தாம் உடுத்திருந்த சேலையின் தலைப்பைக் கிழித்துச் சுற்றினார். தங்கை பிழைத்தாள், கையும் பிழைத்தது. முழங்கைக்குக் கீழே ஒரு தழும்பு மாத்திரம் இன்றும் உண்டு. ரொறன்ரோப் படத்திற் கட்டுப் போட்டிருந்ததும் இடக்கையிலேதான் என்பது அந்த மாலைவரை எமக்கு உறைக்கவில்லை. விஞ்ஞான வரலாற்றையெல்லாம் தேடிப் படித்தவர், வீட்டு வரலாற்றைக் கோட்டைவிட்டோம்.

அன்றிரவு தங்கையை அழைத்துப் பேசினோம். அங்கு அப்போது காலை.

"அந்தக் கட்டை நீயே கட்டினாயா?" என்று கேட்டோம்.

சிறிது நேரம் பேச்சில்லை. "ஓம் அண்ணா, நான்தான் கட்டினனான். இஞ்ச அது வெறும் துணி. பக்கத்து வீட்டுப் பிள்ளையள் எல்லாரும் சிரிச்சவை, நானும் சிரிச்சன். உண்மையாச் சிரிச்சன். ஆனா அங்க கட்டாதேங்கோ. அங்க பாக்கிற சனம் வேற."

அவள் சொன்னது சரி. மைதானத்தைச் சுற்றி அமரும் பெற்றோரில் எத்தனை பேர் செயற்கைக்காலோடு வருகிறார்கள் என்பது எமக்குத் தெரியும். போர் முடிந்தபின்னும் ஆண்டுக்கணக்காக மிதிவெடி அகற்றிய மண் இது. சிவப்புப் பலகையில் மண்டையோடு வரைந்து நட்ட வயல்களைக் கடந்தே எம் மாணவர்கள் பலர் வகுப்புக்கு வந்தார்கள். வெடித்தது என்ற சொல்லுக்கு இங்கே சிரிப்பு வருவது எளிதன்று. யாம் படித்த வரலாற்றில் இன்னுமொரு விஞ்ஞானி இருந்தான். 1927இல் ஜேர்மனியில் வெளிவந்த 'மெற்றோபோலிஸ்' என்ற மௌனப்படத்தில் வரும் ரொட்வாங் என்பவன். விசர் விஞ்ஞானிகளுக்கெல்லாம் மூத்தோன். அவனுக்கு வலக்கை இல்லை. தன் இயந்திரப் பெண்ணைச் செய்யும்போது இழந்துவிட்டான். கறுப்புக் கையுறையிட்ட இரும்புக்கை ஒன்றைப் பொருத்தியிருப்பான். முதலாம் உலகப்போர் முடிந்து ஒன்பதே ஆண்டுகள். கையும் காலும் இழந்த போர்வீரர்கள் பெர்லின் வீதிகளில் நிறைந்திருந்த காலம். அவர்கள் கொட்டகையின் இருளில் அந்தக் கையைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள்? ரொட்வாங் சிரிக்க வைப்பதற்காக வந்தவன் அல்லன் என்பது மட்டும் எமக்குத் தெரிந்தது.

மறுநாட் காலை பையனிடம் சொன்னோம். முழுவதையும் அன்று, அவன் 2013இற் பிறந்தவன், அத்தையின் கையைப் பற்றி மட்டும் சொன்னோம். அவன் அமைதியாகக் கேட்டான். பின்பு, கண்ணில் நீர் முட்ட, "அப்ப வெடிக்காட்டி எப்பிடி அப்பா சிரிப்பினம்?" என்றான்.

பதில் சொல்ல முடியாத வினாக்களை மாணவர்கள் கேட்டால் 'அடுத்த பாடத்தில் பார்ப்போம்' என்று தப்பிவிடலாம். சொந்தப் பிள்ளையிடம் அந்த வித்தை செல்லாது.

அப்போதுதான் எமக்கு மெக்கானிக் அண்ணையின் நினைவு வந்தது.

1996இற் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து மல்லாவியிற் கொட்டில் போட்டிருந்தபோது அவர் எமக்கு அடுத்த கொட்டிலில் இருந்தார். எமக்கு அப்போது பதினாறு வயது. பொருளாதாரத் தடைக் காலம். பெற்றோல் இல்லை, ரோர்ச் பற்றறி இல்லை, சீமெந்து இல்லை. அண்ணை சாரத்தைச் சண்டிக்கட்டாகக் கட்டி, காலை முதல் இரவுவரை எதையாவது கழற்றிக்கொண்டோ பூட்டிக்கொண்டோ இருப்பார். எம்.டி. 90 மோட்டார் வண்டிகளை மண்ணெண்ணெயில் ஓட வைத்தவர்களில் அவரும் ஒருவர். மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் ஆவியாகாது; ஆவியாகாதது பற்றாது. ஆகவே கண்ணுக்கு மருந்து விடும் சிறு போத்தலில் நாலு துளி பெற்றோலைச் சட்டைப்பையில் வைத்திருப்பார்கள். அதைக் காபரேற்றருக்குள் பீய்ச்சி, உதைத்து, இயந்திரம் சூடேறும்வரை உறுமவிட்டு, பின்னர் மண்ணெண்ணெயைத் திறப்பார்கள். வண்டி இருமிக்கொண்டும் வெண்புகை கக்கிக்கொண்டும் புறப்படும். சற்றுத் தூரம் போனதும் பிளக்கிற் கரி பிடித்து நின்றுவிடும். கழற்றித் துடைத்து மறுபடியும் நாலு துளி.

அவரது பெரிய கண்டுபிடிப்பு வானொலிதான். துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, ரயரில் உரசும் டைனமோவிலிருந்து மின்சாரம் எடுத்து, இரவில் பி.பி.சி. தமிழோசை கேட்பது அந்நாளில் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் பலர் செய்ததே. ஆனால் டைனமோ தருவது திசைமாறு மின். வானொலிக்கு வேண்டியதோ பற்றறியைப் போன்ற நேர்மின். உடைந்த வானொலி ஒன்றிலிருந்து நாலு டயோட்டுகளை அவர் கழற்றி எடுத்து, தணலிற் காய்ச்சிய கம்பியால் ஈயம் ஒட்டி, மின்னைத் திருத்தினார். பாடசாலையில் இந்தப் பாடத்தை யாம் கற்றது அதற்கு ஈராண்டுகளின் பின். அந்த ஈராண்டுகளும் நாமும் எம் தோழரும் அவரை எப்படி அழைத்தோம் தெரியுமா? 'விசரன்' என்றுதான். தலைகீழ்ச் சைக்கிளைச் சுற்றும் அவரது முதுகுக்குப் பின்னால் நின்று அதே மாதிரி கையைச் சுற்றி நடித்துக் காட்டுவோம். சனம் சிரிக்கும். அந்த நடிப்பில் எமக்கு முதலிடம்.

மீள்குடியேற்றத்தின் பின் அவர் எம் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி வசிக்கிறார். 2022இற் பெற்றோலுக்கு மைல்நீள வரிசை நின்றபோது இளைஞர் சிலர் அவரைத் தேடிச் சென்று மண்ணெண்ணெய் வித்தையைக் கேட்டார்களாம். "மண்ணெண்ணெய் எங்க இருக்கு?" என்று அவர் திருப்பிக் கேட்டாராம். அவ்வாண்டு ஆவணியில் அதன் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது. வித்தை தெரிந்தவர் இருந்தார், எண்ணெய்க்குத்தான் வழியில்லை.

பையனை அழைத்துக்கொண்டு அவரிடம் சென்றோம். தலை நரைத்துவிட்டது; சீப்பைக் கண்டு பல நாளாயிருக்கும். பையன் எம் கையை இடித்து, "ஐன்ஸ்டைன்" என்று முணுமுணுத்தான்.

வந்த காரியத்தைச் சொன்னோம். அவர் நெற்றியைச் சுருக்கி, "விசர் விஞ்ஞானியோ? அதுக்கு ஏன் மாஸ்ரர் என்னட்ட வந்தனீங்கள்?" என்றார்.

எமக்கு நா எழவில்லை. முப்பது ஆண்டுப் பழைய குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு ஏற்ற வசனத்தை யாம் தேடிக்கொண்டிருந்தபோதே அவர் வாய்விட்டுச் சிரித்தார். "எனக்குப் பின்னால நிண்டு நீங்கள் கை சுத்தினது எனக்குத் தெரியாதெண்டே நினைச்சனீங்கள்? சைக்கிள் மட்காட்டில நிழல் விழும் தம்பி." மாஸ்ரர் என்பது மறைந்து மறுபடியும் தம்பி ஆகிவிட்டோம். யாம் சொல்ல நினைத்த வசனம் சொல்லப்படாமலே போயிற்று. இன்றுவரை சொல்லவில்லை, இந்தப் பத்திரிகை அவர் வீட்டுக்கும் வரும்.

அவர் உள்ளே சென்று பழைய பிஸ்கற் தகரம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதனுள் டைனமோ இருந்தது. பையன் அதைக் கையில் வாங்கித் தலையைச் சுற்றிப் பார்த்தான். "பெரியப்பா, இதுக்குள்ள என்ன இருக்கு?" "ஒரு காந்தமும் ஒரு செப்புக்கம்பிச் சுருளும். வேற ஒண்டுமில்லை. காந்தம் சுத்தினா லைற் எரியும், நிண்டா நூரும்." "நிண்ட உடனயோ?" "உடன." பையன் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு அவன் முகத்தில் மெல்ல ஒரு களிப்புத் தோன்றியது. சிரிப்பை அவன் கண்டுபிடித்துவிட்டான். எமக்கு அது விளங்க இன்னும் ஒரு வாரம் சென்றது.

வேடம் மாறியது. மேலங்கியும் தும்புத்தலையும் நின்றன. காற்சட்டை போய்ச் சாரம் வந்தது. வெள்ளை அங்கிக்குக் கீழே சண்டிக்கட்டா என்று எம் இல்லாள் முகத்தைச் சுளித்தார். மானிப்பாயில் தமிழ்மொழியிலேயே மேலைமருத்துவம் கற்பித்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீனை நாம் சாட்சிக்கு அழைத்தோம். 'கெமிஸ்தம்' என்று எம் பாடத்துக்கே தமிழில் நூல் தந்தவர். 1875இல் அது வெளிவந்தது. தம்மிடம் கற்றோர் கோட்டும் தொப்பியுமாக மாறிவிடாது நடையுடையிலே தமிழராகவே இருக்க வேண்டும் என்று விரும்பியவர். "அவர் சண்டிக்கட்டு எண்டு சொன்னவரோ?" என்று இல்லாள் கேட்டார். ஆராய்ச்சி அத்துடன் முடிந்தது.

போட்டி நாள் வந்தது. பாரதியார் மூவர், விவேகானந்தர் இருவர், ஒரு மீன்கார ஆச்சி. எம் பையன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். தொப்பியின் உச்சியில் முன்விளக்கு. அதிலிருந்து ஒரு நீண்ட கம்பி. கையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. ஒலிபெருக்கியில் அறிவித்தவர் ஒருகணம் தயங்கி, "அடுத்து வருபவர்... மின்சாரம் திருத்துபவர்!" என்றார். பையன் அதைப் பொருட்படுத்தவில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினான். மிதியைக் கையாற் சுற்றினான். தலையில் விளக்கு எரிந்தது. தன் தலையின் ஒளியைத் தானே காண ஆசைகொண்டு மிதியை விட்டுக் கண்ணாடியைத் தூக்கினான். விளக்கு நூர்ந்துவிட்டது. கண்ணாடியைத் தட்டினான், துடைத்தான், கீழே வைத்தான். மறுபடி சுற்றினான், எரிந்தது. கண்ணாடியைத் தூக்கினான், நூர்ந்தது. மூன்றாந் தரம் இன்னும் வேகமாகச் சுற்றிவிட்டுப் பாய்ந்து எடுத்தான். நாலாந் தரம் காலால் மிதியைச் சுற்றிக்கொண்டே கண்ணாடியைப் பிடிக்க முயன்று சாரம் தடக்கிற்று. மைதானம் முழுவதும் சிரித்தது. பிரதம விருந்தினர் கைக்குட்டையாற் கண்ணைத் துடைத்தார். செயற்கைக்காலை நீட்டியபடி எமக்கு முன் இருந்த ஒருவர், "அட, கையால சுத்திக்கொண்டு மற்றக் கையால பிடியடா மோனே!" என்று பையனுக்கு யோசனை கூவினார். எம் தாயாரைத் திரும்பிப் பார்த்தோம். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். தும்புத்தலை அரிக்க, பையன் இரண்டு கையாலும் சொறிந்தது ஒத்திகையில் இல்லாத உபரி. போத்தலும் செவ்வரத்தம்பூச் சாறும் அன்று வெளியே எடுக்கப்படவேயில்லை.

முதற்பரிசு ஒரு பாரதியாருக்குக் கிடைத்தது. அப்போது எம் இல்லாள் எம்மைப் பார்த்த பார்வையை விவரிக்கத் தமிழிற் சொல் இல்லை. எம் பையனுக்கு மூன்றாம் இடம். ஒரு பிளாத்திக்குத் தண்ணீர்ப் போத்தல்.

மாலையில் டைனமோவைத் திருப்பிக் கொடுக்கச் சென்றோம். மெக்கானிக் அண்ணை அதை வாங்கித் தகரத்தில் வைக்கவில்லை. உள்ளே சென்று தூசி படிந்த வானொலி ஒன்றையும், கறுப்பு ரேப் சுற்றிய ஒரு சிறு துண்டையும் கொண்டுவந்தார். அந்தத் துண்டுக்குள் நாலு டயோட்டுகள் இருந்தன. அவர் கேட்ட தமிழோசை 2017இல் வானொலியில் ஓய்ந்துவிட்டது; "வேற ஏதாவது இழுக்கும், பாப்பம்" என்றார். முற்றத்திற் சைக்கிள் தலைகீழாக நின்றது. பையன் சுற்றினான். முதலில் இரைச்சல், பின்னர் யாரோ ஒரு பெண் செய்தி வாசிக்கும் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல. நன்றாகக் கேட்பதற்காகப் பையன் மிதியை விட்டுக் காதை அருகே கொண்டுபோனான். குரல் அறுந்தது.

அண்ணை சிரித்தார். யாம் பையனை விலக்கிவிட்டு மிதியைப் பிடித்துக்கொண்டோம்.

"மெல்லமாச் சுத்து தம்பி," என்றார். "கூடச் சுத்தினா ரேடியோ எரிஞ்சுபோம்."